ஏழு நிமிடக் கடல்: மர்மராவின் சுனாமி ஆபத்தைக் கணக்கிடுவது எப்படி

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே நிலம் நடுங்கியபோது இந்திய நேரம் காலை 6.29. சென்னைக் கரையில் முதல் அலை ஏறியது 9 மணிக்குப் பிறகு. இரண்டரை மணி நேரம் இருந்தது. எடுத்துச் சொல்ல ஓர் அமைப்பு இல்லை. அந்த இழப்புக்குப் பிறகு சுனாமி என்றாலே எச்சரிக்கை மையம், ஆழ்கடல் மிதவை, செல்பேசிச் செய்தி என்ற வரிசைதான் நம் மனதில் ஓடுகிறது. தொலைவில் பிறந்து வரும் அலைக்கு அது சரியான ஏற்பாடு. நாலாபுறமும் கரை சூழ்ந்த ஒரு சிறு கடலுக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு போனால், கணக்கு முதல் வரியிலேயே பிசகிவிடும்.

துருக்கியின் மர்மரா கடல் அப்படிப்பட்டது. கிழக்கு மேற்காகச் சுமார் 280 கி.மீ., அகலமான இடத்தில் 80 கி.மீ. வடகிழக்கே பாஸ்பரஸ் நீரிணை கருங்கடலோடும், தென்மேற்கே டார்டனெல்ஸ் நீரிணை ஏஜியன் கடலோடும் இதை இணைக்கின்றன. பாஸ்பரஸின் மிகக் குறுகிய இடம் ஏறத்தாழ 700 மீட்டர்தான். உள்ளே எழும் அலை வெளியேற வழி கிட்டத்தட்ட இல்லை. ஆனால் சிறிய கடல் என்பதால் ஆழமில்லாத கடல் என்று நினைத்துவிடக் கூடாது. வடபாதியில் தெக்கிர்தா, நடுப்பள்ளம், சினார்ஜிக் என்று மூன்று பள்ளங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆழம் 1,200 மீட்டரைத் தாண்டுகிறது. அந்தப் பள்ளங்களின் ஊடே, நிலநடுக்கங்கள் பிறக்கும் வட அனத்தோலியப் பிளவு ஓடுகிறது. வடகரையில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் வாழும் இஸ்தான்புல்.

இங்கே எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, "அடுத்த நிலநடுக்கம் எவ்வளவு பெரியது?" என்பது. ஆபத்தை மதிப்பிடுகிறவர் அதைக் கடைசிக்கு முந்தைய கேள்வியாக வைத்துக்கொள்வது நல்லது. முதலில் கேட்க வேண்டியது, தண்ணீர் கரைக்கு வர எத்தனை நிமிடம் என்பது. இரண்டாவது, கடலடியில் எந்தச் சரிவு எப்போது பெயரும் என்பது. மர்மராவில் அலையின் உயரத்தையும் உயிரிழப்பையும் தீர்மானிப்பதில் ரிக்டர் எண்ணைவிட இந்த இரண்டுக்கும் பங்கு அதிகம்.

கடிகாரம்

அலையின் வேகத்துக்கான சூத்திரம் எளிது: ஈர்ப்பு முடுக்கம் 9.81ஐக் கடலின் ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 1,000 மீ. ஆழத்தில் விநாடிக்கு 99 மீ., அதாவது மணிக்கு 356 கி.மீ. 80 மீ. ஆழத்தில் விநாடிக்கு 28 மீ. 10 மீ. ஆழத்தில் 10 மீ. மட்டுமே.

பிளவிலிருந்து கரை வரை 18 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 கி.மீ. ஆயிரம் மீட்டர் ஆழமுள்ள பள்ளம். மிச்சம் 8 கி.மீ. எண்பது மீட்டர் ஆழமுள்ள கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி. முதல் பகுதியை அலை 101 விநாடியில் கடந்துவிடும். இரண்டாவது பகுதிக்கு 286 விநாடி. ஆக ஆறரை நிமிடம். இதுவும் மேல்வரம்பு என்றே கொள்ள வேண்டும். பிளவு ஒரு கோடு. ஆனால் கடலடி உயர்ந்து தாழும் பகுதி பல கி.மீ. அகலமானது. அதன் ஓரம் கரைக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும். கண்டத்திட்டின் விளிம்பில் சேறு சரிந்தால் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் குறையும். கரையே சரிந்தால் நேரம் என்று பேச எதுவுமில்லை.

இந்த ஆறரை நிமிடத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடம் நிலம் ஆடிக்கொண்டிருக்கும். யாராலும் நடக்க முடியாது. அதிர்வுமானிகளின் பதிவைப் பார்த்து மையத்தையும் அளவையும் கணித்து, எச்சரிக்கை எழுதி, அது மாவட்ட அலுவலகம் வழியாகக் கடற்கரைக்கு வந்துசேரப் பல நிமிடங்கள் பிடிக்கும். இஸ்தான்புல்லின் கந்தில்லி ஆய்வகம் யுனெஸ்கோவின் வடகிழக்கு அட்லாண்டிக் - மத்தியதரைக் கடல் எச்சரிக்கை அமைப்பில் அங்கீகாரம் பெற்ற மையம், திறமையான மையம். ஆனாலும் எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும், மர்மராவின் வடகரைக்கு அதன் செய்தி முதல் அலையோடு போட்டி போட்டுக்கொண்டுதான் வரும். ஏஜியன் கரைக்கும், ஆபத்து எப்போது நீங்கியது என்று அறிவிப்பதற்கும் அந்தச் செய்தி தேவை. மர்மராக் கரையில் நிற்பவருக்கு நிலம் ஆடியதே எச்சரிக்கை. மதிப்பீட்டின் மற்ற எல்லா முடிவுகளும் இதிலிருந்துதான் கிளைக்க வேண்டும்.

பிளவைக் கணக்கில் கொண்டுவருவது

வட அனத்தோலியப் பிளவு வலப்பக்கக் கிடைப்பெயர்ச்சிப் பிளவு. இரு பக்கப் பாறைகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நழுவுகின்றன, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. இருபதாம் நூற்றாண்டில் கிழக்கிலிருந்து மேற்காகப் பெரிய நிலநடுக்கங்கள் இதில் வரிசையாக நகர்ந்து வந்தன. 1999 ஆகஸ்ட் 17 அன்று இஸ்மித் வளைகுடாவுக்கு வந்துசேர்ந்தது. மேற்கு முனையில், கானோஸ் பகுதியில், 1912லேயே உடைந்துவிட்டது. இடையே கடலுக்கடியில் கிடக்கும் துண்டு 1766க்குப் பிறகு முழுதாக உடையவில்லை. 2025 ஏப்ரல் 23 அன்று சிலிவ்ரிக்கு அப்பால் வந்த 6.2 அளவு நிலநடுக்கம் இந்தக் கணக்கைத் தீர்க்கும் அளவுக்குப் பெரியதல்ல.

இந்தத் துண்டின் மேல் உள்ள கும்புர்காஸ் பள்ளத்தில் ஜெர்மனியின் ஜியோமார் நிறுவனமும் கூட்டாளிகளும் பிளவின் இரு பக்கமும் ஒலியலைக் கருவிகளைக் கடலடியில் பதித்து, ஒன்றுக்கொன்று உள்ள தூரத்தை இரண்டரை ஆண்டு தொடர்ந்து அளந்தார்கள். 2019இல் முடிவு வெளியானது: தூரம் மாறவில்லை. அதாவது பிளவு பூட்டிக்கொண்டு நிற்கிறது. 1766 முதல் குறைந்தது 4 மீ. நழுவல் பாக்கி சேர்ந்திருக்கிறது.

இதை நிலநடுக்க அளவாக மாற்றுவது நேரடியான வேலை. பாறையின் விறைப்பு 30 கிகாபாஸ்கல்; உடையும் நீளம் 80 கி.மீ., அகலம் 15 கி.மீ., நழுவல் 4 மீ. நான்கையும் பெருக்கினால் 1.44 × 10²⁰ நியூட்டன் மீட்டர். அதன் பத்தடி மடக்கையிலிருந்து 9.1ஐக் கழித்து 1.5ஆல் வகுத்தால் 7.4. நீளத்தைப் பாதியாக்கினால் 7.2. எவ்வளவு நீளம் ஒரே முறையில் உடையும் என்ற சண்டை முழுவதும் இந்த 0.2க்காகத்தான். அது கட்டடங்களுக்கு முக்கியம். அலைக்கு, அந்த நழுவல் எந்தத் திசையில், எந்த நிலவடிவத்தின் அடியில் நடக்கிறது என்பது அதைவிட முக்கியம்.

"பக்கவாட்டில் நழுவும் பிளவு தண்ணீரைத் தூக்காது, அதனால் மர்மராவில் சுனாமி வராது" என்று பலர் இன்னும் சொல்கிறார்கள். முதல் பாதி சமதளமான கடலடிக்குப் பொருந்தும். மர்மராவின் கடலடி சமதளம் இல்லை. பள்ளத்தின் சுவர் 15 பாகை சாய்ந்திருக்க, அந்தச் சாய்வை நோக்கி 3 மீ. கிடையாக நகர்ந்தால், நின்ற இடத்துத் தண்ணீருக்கு அது 0.8 மீ. செங்குத்து உயர்வாகவே தெரியும். தவிர, பிளவு வளையும் இடங்களில் பாறை இழுபட்டு ஒரு பக்கம் இறங்கும். சினார்ஜிக் பள்ளமே அப்படித்தான் உருவானது. 1999இல் கோல்ஜுக் கரையோரம் இந்த இறக்கத்தால் 2 மீட்டருக்கும் மேல் அமிழ்ந்து, தெருக்களும் வீடுகளும் நிரந்தரமாகக் கடலுக்குள் போயின. அலையின் கணக்கில் கடலடி மட்டும் அசைந்து, கரை அசையாமல் நிற்கும் கணினி மாதிரிகளை நிறையப் பார்க்கலாம். கரையின் தாழ்வையும் நிலவரைபடத்தில் கழித்த பிறகே வெள்ளக் கணிப்பை ஓட்ட வேண்டும். இல்லையென்றால் மிக மோசமாக மூழ்கும் இடத்திலேயே குறைத்து மதிப்பிடுவோம்.

கடலடி எவ்வளவு அசையும் என்பதற்கு ஒகாடாவின் 1985 சமன்பாடுகளைத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். நீளம், அகலம், மேல்விளிம்பின் ஆழம், பிளவின் திசை, சாய்வு, நழுவல் கோணம், நழுவல் அளவு ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். இதில் நழுவல் கோணத்தில்தான் அதிகம் தடுமாற்றம். வழக்கமான மரபில் வலப்பக்கப் பெயர்ச்சிக்கு 180 பாகை, இடப்பக்கத்துக்கு 0. மாற்றிப் போட்டால் கணினி நிரல் எந்தப் பிழையும் காட்டாது. உயர வேண்டிய இடம் தாழ்ந்து, தாழ வேண்டிய இடம் உயர்ந்து, அழகான ஒரு தவறான படம் கிடைக்கும். கடலடி அசைவின் படத்தை மட்டும் தனியே வரைந்து, இஸ்மித் பக்கம் நாம் அறிந்த இறக்கத்தோடு ஒப்பிட்டுவிட்டு மேலே போவது நல்லது.

இன்னொன்று: கடலடியில் 500 மீ. அகலமுள்ள ஒரு கூர்மையான படி, 1,200 மீ. ஆழத்துக்கு மேலே நீர்ப்பரப்பில் அதே கூர்மையோடு தெரியாது. தண்ணீர் அதை மழுங்கடிக்கும். கஜியுரா வடிகட்டி என்ற திருத்தத்தைப் போடாமல் கடலடி வடிவத்தை அப்படியே மேற்பரப்பில் நகலெடுத்தால், பெரிய கடலில் கண்ணுக்குத் தெரியாத பிழை இங்கே பூதாகரமாகும்.

சரியும் சேறு

மர்மராவின் மதிப்பீட்டில் அதிக உழைப்பைக் கோருவது இதுதான்.

1998 ஜூலையில் பப்புவா நியூ கினியில் 7.0 அளவு நிலநடுக்கம் வந்தது. அந்த அளவுக்கு எதிர்பார்க்கவே முடியாத உயரத்தில் அலை எழுந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடலடிச் சரிவுதான் காரணம் என்று பிறகு தெளிவானது. 2018 செப்டம்பர் 28 அன்று இந்தோனேசியாவின் பாலு வளைகுடாவில் 7.5 அளவு, அதுவும் கிடைப்பெயர்ச்சி நிலநடுக்கம். வளைகுடாவின் ஓரம் பல இடங்களில் சரிந்து, சில நிமிடங்களில் அலை நகரத்துக்குள் இருந்தது. மர்மராவுக்கு மிக நெருங்கிய உதாரணம் பாலுதான். இதற்கெல்லாம் முன்பே 1999இல் இஸ்மித் வளைகுடாவின் தென்கரையில், டெயிர்மெண்டெரேவில், கடற்கரைப் பூங்காவும் அங்கிருந்த விடுதியும் நிலத்தோடு சேர்ந்து கடலுக்குள் சரிந்தன. வளைகுடாவில் அளக்கப்பட்ட அலையேற்றம், அதாவது தண்ணீர் கரையில் ஏறிய உயரம், பொதுவாக 1 முதல் 2.5 மீட்டர்.

ஒரு சரிவு பல நூற்றாண்டு அசையாமல் நின்றது என்பதால் அது உறுதியானது என்று சொல்லிவிட முடியாது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 6 பாகை சாய்வு, 20 மீ. தடிமனான மென்சேறு, தண்ணீரில் மிதப்பு போக அதன் எடை கனமீட்டருக்கு 7 கிலோநியூட்டன், மிதப்பைக் கழிக்காமல் 17. அடிப்பகுதியில் அதன் வெட்டு வலிமை சுமார் 35 கிலோபாஸ்கல். ஈர்ப்பு மட்டும் கீழே இழுக்கும்போது சறுக்கு விசை 14.6 கிலோபாஸ்கல். வலிமையை விசையால் வகுத்தால் கிடைக்கும் காப்பு எண் 2.4; ஒன்றுக்கு மேல் இருந்தால் சரிவு நிற்கும். எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போடும் எண். இப்போது ஈர்ப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கிடைமட்ட முடுக்கம் வருகிறது. அதனால் கூடும் விசை 33.6, மொத்தம் 48.2. காப்பு எண் 0.73க்கு விழுந்துவிட்டது. பெரிய நிலநடுக்கத்தின் அருகில் பத்தில் ஒரு பங்கு என்பது சர்வசாதாரணம்.

இங்கேயும் அவசரப்படக் கூடாது. எண் ஒன்றுக்குக் கீழே போனதும் முழுச் சரிவும் பெயர்ந்துவிடும் என்று பொருளில்லை. ஒவ்வொரு உதறலிலும் சில செ.மீ. நகரும், உதறல் நின்றால் அதுவும் நிற்கலாம். நகர நகர வலிமை குறையும் சேறா, வாயுக் குமிழ்கள் நிறைந்ததா, நீரழுத்தம் ஏறுகிறதா என்பதுதான் முடிவு செய்யும். மர்மராவின் பிளவு நெடுகிலும் கடலடியிலிருந்து மீத்தேன் கசிவதைப் பல ஆய்வுப் பயணங்கள் பதிவு செய்திருக்கின்றன. அதனால் மேற்பரப்பு மண் மாதிரியை மட்டும் நம்பாமல், ஒலியலைப் படத்தில் வாயு மறைக்கும் இடங்களைத் தனியே குறித்து, அங்கே வலிமையைக் குறைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பானது.

பழைய சரிவுகளின் தடங்கள் உதவும். சினார்ஜிக் பள்ளத்தின் வடசுவரில் துஸ்லா சரிவு என்ற பெரிய வடு இருக்கிறது. பல ஆயிரம் ஆண்டுக்கு முந்தையது. இப்படி வடுக்களை அளந்து பரப்பு, தடிமன், கனஅளவு எடுக்கலாம். ஆனால் கனஅளவு மட்டும் அலையைச் சொல்லாது. ஒரே அளவு சேறு 100 மீ. ஆழத்தில் தொடங்கிச் சரிவதற்கும் 1,000 மீ. ஆழத்தில் சரிவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எவ்வளவு திடீரென்று வேகமெடுத்தது என்பதும் அப்படியே. இந்த ஆரம்ப முடுக்கத்தை யாரும் அளந்ததில்லை. ஒற்றை மதிப்பை வைத்து ஒரு படம் வரைந்து தருபவரிடம் எந்த மதிப்பு, ஏன் என்று கேட்க வேண்டும். மெதுவாக, நடுத்தரமாக, வேகமாக என மூன்றையும் ஓட்டி மூன்று படங்களையும் தருவதே நேர்மையான வேலை.

சரிவு கிளப்பும் அலை குட்டையான அலை. அதன் வெவ்வேறு நீளக் கூறுகள் வெவ்வேறு வேகத்தில் பிரிந்து போகும். பிளவு அலைக்குப் போதுமான ஆழமற்ற நீர்ச் சமன்பாடுகள் இதற்குப் போதாது. பிரிகையையும் சேர்த்துக்கொள்ளும் பூசினெஸ்க் வகை மாதிரி வேண்டும். பழைய நிரலையே ஓட்டினால் தூரத்துக் கரையில் அலை உண்மையைவிட உயரமாக வரும், பக்கத்துக் கரையில் வடிவம் தப்பும்.

கட்டம், ஆழம், உயரம்

தவறுகள் பெரும்பாலும் சமன்பாட்டில் இருப்பதில்லை. ஆழத் தரவில் இருக்கும். கணிப்பு கடலைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆழத்தை வைத்துக்கொள்கிறது. உலகளாவிய ஜெப்கோ தரவின் கட்டம் சுமார் 450 மீ. ஐரோப்பியக் கடல்களுக்கான எமோட்நெட் 115 மீ. அளவில். பள்ளத்தில் அலையை ஓட்ட இவை போதும். துறைமுகத்துக்குள் நுழைந்ததும் போதாது: 8 மீ. அகலமுள்ள அலைதாங்கிச் சுவர் 115 மீ. கட்டத்தில் கரைந்துபோய்விடும், அலை தடையே இல்லாமல் உள்ளே நடக்கும். எனவே கட்டங்களை ஒன்றுக்குள் ஒன்றாக, மூன்று அல்லது ஐந்து மடங்கு சிறிதாக்கிக்கொண்டே வந்து, கரையில் 5 மீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பலகற்றை ஒலியளவையும் வான்வழி லேசர் அளவையும் தேவை.

இரண்டையும் ஒட்டும் இடத்தில் கவனம். கடற்படை வரைபடத்தின் ஆழம் ஒரு சுழிமட்டத்திலிருந்தும் (சுழி என்று வைத்துக்கொள்ளும் மட்டம்), நில உயரம் வேறொரு சுழிமட்டத்திலிருந்தும் அளக்கப்பட்டிருக்கும். மர்மராவில் ஓதம் சில செ.மீ. மட்டுமே என்பதால் இந்த வேறுபாடு சிறியதுதான். ஆனால் அலை வெறும் 2 மீ. என்கிறபோது 30 செ.மீ. பிழை தெருக்களை வெள்ளத்துக்குள்ளும் வெளியேயும் மாற்றிப் போடும். லேசர் தரவில் மரங்களையும் நிறுத்திய பேருந்துகளையும் நீக்கினோமா, பாலத்தை நீக்கினோமா என்று கண்ணால் பார்க்க வேண்டும். நீக்காத பாலம் ஓடையின் குறுக்கே அணையாக நிற்கும். 2017 ஜூலையில் துருக்கியின் ஏஜியன் கரையில், போத்ரும் அருகே 6.6 அளவு நிலநடுக்கத்தில் அதிகபட்ச ஏற்றமான 1.9 மீ. பதிவானது கும்பெத் விரிகுடாவில், வறண்டு கிடந்த ஓர் ஓடையின் வாயில். அந்த ஓடை 100 மீ. கட்டத்தில் தெரியவே தெரியாது.

கரைக்குப் பக்கத்தில் அலை எவ்வளவு வளரும் என்று விரைவாகச் சரிபார்க்க ஒரு வழி உண்டு: இரு ஆழங்களின் விகிதத்துக்கு நான்காம் மூலம். 1,000 மீட்டரில் அரை மீட்டராக இருக்கும் அலை 10 மீ. ஆழத்தில் 1.6 மீ. ஆகும். மாதிரி 5 மீ. காட்டினால், குவிப்பு ஏதாவது நடக்கிறதா அல்லது ஏதோ ஒரு கட்டம் வெடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணிப்பு வெடிப்பதற்கு, அதாவது எண்கள் கட்டுமீறிப் பெருகுவதற்கு, வழக்கமான காரணம் காலப்படி: கணிப்பு ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் முன்னே தாவுகிறது என்பது. 5 மீ. கட்டத்தில், 20 மீ. ஆழத்தில், அலை விநாடிக்கு 14 மீ. ஓடுகிறது, காலப்படி 0.35 விநாடிக்கு மேல் போகக் கூடாது, பாதுகாப்புக்கு அதிலும் பாதி.

புதிய நிரலை நம்புமுன் தெரிந்த சோதனைகளில் ஓட்டிப் பார்ப்பது கட்டாயம். ஜப்பானின் 1993 ஒகுஷிரி சுனாமியில் 30 மீட்டருக்கும் மேல் தண்ணீர் ஏறிய மோனாய் பள்ளத்தாக்கின் ஆய்வக மாதிரி அதற்கான பொதுச் சோதனை. துருக்கியில் பரவலாகப் பயன்படும், அங்காராவின் மத்தியக் கிழக்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய நாமி டான்ஸ் நிரலும் இத்தகைய சோதனைகளைத் தாண்டி வந்ததுதான்.

நின்று ஆடும் தண்ணீர்

திறந்த பெருங்கடலில் அலை கடந்து போய்விடும். மூடிய கடலில் அண்டாவைத் தட்டிவிட்டது போலத் தண்ணீர் இங்கும் அங்கும் ஆடிக்கொண்டே இருக்கும். வடகரையில் மோதி, தென்கரைக்குப் போய், திரும்பி வந்து, அடுத்த அலையின் மேல் ஏறும். பல இடங்களில் மிக உயர்ந்த அலை முதல் அலையாக இருக்காது. அதனால் ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்திய கணிப்பைத் தூக்கிப் போட்டுவிடலாம். நான்கு முதல் ஆறு மணி நேரம் ஓட்டியே தீர வேண்டும். மக்கள் "அலை வந்துவிட்டுப் போய்விட்டது" என்று கீழே இறங்கி வருவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கும்.

ஒரு வளைகுடாவின் சொந்த ஆட்டக் காலத்தைக் கையாலேயே கணக்கிடலாம்: நீளத்தை நான்கால் பெருக்கி அலை வேகத்தால் வகுக்க வேண்டும். 10 கி.மீ. நீளம், 25 மீ. ஆழம் என்றால் சுமார் 43 நிமிடம். 500 மீ. நீளம், 5 மீ. ஆழமுள்ள படகுத்துறை என்றால் 5 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. சரிவு அலைகளின் காலமும் சில நிமிடங்களே. இரண்டும் பொருந்தினால் சிறிய அலைகூடப் படகுத்துறைக்குள் பெரிதாக வளரும். நீரோட்டம் படகுகளைக் கட்டுக்கயிற்றோடு பிய்த்துக்கொண்டு போகும். 2020 அக்டோபர் 30 அன்று சாமோஸ் நிலநடுக்கத்துக்குப் பிறகு துருக்கியின் ஏஜியன் கரையிலுள்ள சியாஜிக் படகுத்துறையில் நடந்ததைப் பல காணொளிகளில் காணலாம். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் இந்த ஒரு வரிக் கணக்கைப் போட்டுப் பட்டியலிட்டால், விலையுயர்ந்த நுண்கட்டக் கணிப்பை எங்கே முதலில் செலவழிப்பது என்று தெரிந்துவிடும்.

பழைய பதிவுகளும் நிகழ்தகவும்

1509 செப்டம்பர் நிலநடுக்கத்தில் கடல் இஸ்தான்புல்லின் மதில்களைத் தாண்டியதாகக் குறிப்புகள் சொல்கின்றன. 1894 ஜூலையில் கடல் பின்வாங்கித் திரும்பி ஏறியது. இவை மதிப்பு மிக்கவை, ஆனால் சாய்வானவை. எழுத்தறிந்தவர்கள் இருந்த தலைநகரக் கரை நன்றாகப் பதிவாகியிருக்கிறது. மீனவர் குடிசைகள் மட்டும் இருந்த தென்கரை வெறுமையாக இருக்கிறது. அந்த வெறுமையை "அங்கே அலை வந்ததில்லை" என்று படித்துவிடக் கூடாது.

மண் வேறுவிதமான சாட்சி. யெனிகபியில் ரயில் நிலையத்துக்காகத் தோண்டியபோது பைசாந்தியக் காலத்துத் தியோடோசியஸ் துறைமுகம் வெளிப்பட்டது. 37 கப்பல்களின் எச்சங்கள் கிடைத்தன. அங்கே அமைதியான துறைமுகச் சேற்றின் நடுவே, உடைந்த ஜாடித் துண்டுகளும் மரமும் எலும்பும் சிப்பியும் கலந்து குழம்பிய ஓர் அடுக்கு இருக்கிறது. கி.பி. 557 நிலநடுக்கத்தோடு அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். புயலும் இப்படி ஓர் அடுக்கைப் போட முடியும் என்பதால், அதை ஒற்றைச் சான்றாக நிறுத்தாமல் ஆழ்பள்ளங்களின் சேற்று அடுக்குகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிளவு அலைகளுக்கு நிகழ்தகவு வளைவு வரைய முடியும். 475 ஆண்டு மீள்காலம் (சராசரியாக 475 ஆண்டுக்கு ஒருமுறை) என்றால் 50 ஆண்டில் நிகழும் வாய்ப்பு 10 சதவீதம். 2,475 என்றால் 2 சதவீதம். மத்தியதரைப் பகுதி முழுவதற்கும் 2018இல் உருவான நியாம்தம்18 மாதிரி கரை நெடுகச் சுமார் 20 கி.மீ. இடைவெளிப் புள்ளிகளில் இதைத் தருகிறது. முதல் சல்லடையாக அது அருமையான வேலை. ஆனால் அது நிலநடுக்கம் நேரடியாகக் கிளப்பும் அலைகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. சரிவுகள் அதில் இல்லை. மர்மராவில் அந்த எண்ணை எடுத்து "இதுதான் ஆபத்து" என்று நகராட்சியிடம் கொடுத்தால் பாதி ஆபத்தை மறைத்தவர்களாவோம். சரிவுகளின் நிகழ்தகவைப் போலியான துல்லியத்தோடு அதே வளைவில் சேர்ப்பதும் சரியில்லை என்றே தோன்றுகிறது. பிளவுக்கு வளைவு, சரிவுக்குத் தனித்தனிக் காட்சிகள் என்று பிரித்தே வைத்து, வெளியேற்ற வரைபடத்தின் எல்லையை இரண்டில் எது உள்ளே தள்ளிப் போகிறதோ அதன்படி வரைவது மேல்.

கரையில் நிற்பவர்

ஆறரை நிமிடத்தில் நில ஆட்டத்துக்கு ஒரு நிமிடம், குழந்தையைத் தேடி, சுதாரித்து, கிளம்ப ஒன்றரை நிமிடம். மிச்சம் நான்கு. விநாடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் 240 மீ. முதியவர் 0.7 மீட்டரில் நடந்தால் 168 மீ. வரைபடத்தில் கோல் வைத்து அளக்கும் தூரம் இதுவல்ல. நடைபாதை வழியே அளக்க வேண்டும். இஸ்தான்புல் பழைய நகரின் தென்கரையில் கென்னடி சாலை பல வழித்தடங்களோடு கடலை ஒட்டி ஓடுகிறது. அதற்குப் பின்னால் பழைய மதில். எத்தனை இடத்தில் குறுக்கே கடக்க முடியும், மதிலில் வாயில் எங்கே, அந்த வாயிலை ஒட்டிய கட்டடம் நிலநடுக்கத்தில் விழுந்து வழியை அடைக்குமா என்பதை ஒவ்வொன்றாக நடந்து பார்த்துக் குறிக்க வேண்டும். கணினியில் மட்டும் செய்த வெளியேற்ற வரைபடம் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகும்.

மிகவும் கவலை தருவது வேறொன்று. நெருக்கமான நகரத்தில் நிலநடுக்கம் வந்தால் மக்கள் திறந்த வெளியைத் தேடுவார்கள். இஸ்தான்புல்லில் திறந்த வெளி எங்கே இருக்கிறது? கடலோரப் பூங்காக்களில். யெனிகபியிலும் மால்டெபேயிலும் கடலை நிரப்பி உருவாக்கிய பெரிய மைதானங்களில். ஒரு ஆபத்துக்குப் பாதுகாப்பான இடம் அடுத்த ஆபத்தின் வாயில் இருக்கிறது. நிரப்பிய மண் ஆட்டத்தில் குழம்பாகி இறங்கவும் கூடும்; 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் தெற்குத் துருக்கியின் இஸ்கெந்தெருனில் பெரிய அலை எதுவும் இல்லாமலே, நிரப்பு நிலம் தாழ்ந்து கடல் தெருவுக்குள் வந்தது. எனவே நிலநடுக்கக் கூடுமிடப் பட்டியலையும் சுனாமி வெள்ள வரைபடத்தையும் ஒரே மேசையில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதுதான் மதிப்பீட்டிலேயே மிக மலிவான, மிகப் பயனுள்ள வேலை. இரண்டும் மோதும் இடங்களில் கூடுமிடத்தை மேட்டுக்கு மாற்ற வேண்டும். மேட்டில் இடமில்லையென்றால் அந்தக் கூடுமிடத்துக்கு அலை ஓயும் வரை போகக் கூடாது என்று பலகையிலேயே எழுதியிருக்க வேண்டும்.

உயரமான கட்டடத்தில் ஏறிக்கொள்ளலாமே என்பது ஜப்பானிலிருந்து வந்த யோசனை. இங்கே அதைப் பொதுவாகச் சொல்ல முடியாது. ஒரு நிமிடம் முன்பு பலமாகக் குலுங்கிய, பின்னதிர்வு காத்திருக்கும் பழைய கட்டடத்துக்குள் மக்களைத் திருப்பி அனுப்புவதாகிவிடும். கட்டமைப்பைச் சோதித்து, அடித்தளத்தின் மண் குழம்பாதென்று உறுதி செய்து, படிக்கட்டு வெளியிலிருந்து எட்டக்கூடியதாக உள்ள கட்டடங்களை மட்டும் பெயர் சொல்லிக் குறிக்கலாம்.

சுரங்க ரயில் நிலையங்களின் நுழைவாயில் தளம், வாகனச் சுரங்கங்களின் முகப்பு, மின் துணைநிலையம், கழிவுநீரேற்று நிலையம்: இவற்றின் உயரத்தைக் கணித்த நீர்மட்டத்தோடு ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டால் போதும். இஸ்மித் வளைகுடாவில் எண்ணெய்த் தொட்டிகளையும் சேர்க்க வேண்டும். 1999இல் அங்கே சுத்திகரிப்பு ஆலை நாட்கணக்கில் எரிந்தது. எரியும் எண்ணெய் தண்ணீரில் மிதந்து ஏறும் காட்சியைத் தனிக் காட்சியாகவே கணக்கிட வேண்டும்.

படகுப் போக்குவரத்து கடைசியாக. பெருங்கடலில் கப்பலை ஆழத்துக்கு ஓட்டு என்பது வழக்கமான அறிவுரை. துறையில் கட்டிய பயணிகள் படகு கயிறவிழ்த்து, திரும்பி, அலைதாங்கியைக் கடந்து 50 மீ. ஆழம் போய்ச் சேர ஆறு நிமிடம் போதாது. நடுவழியில், துறைமுக வாயிலின் நீரோட்டம் உச்சத்தில் இருக்கும்போது மாட்டிக்கொள்ளும். துறையில் நிற்கும் படகு என்றால் பயணிகளை இறக்கி மேட்டுக்கு அனுப்ப வேண்டும், மாலுமிகளும் கூடவே போக வேண்டும். ஏற்கெனவே நடுக்கடலில் இருக்கும் படகு அங்கேயே, ஆழத்தில், ஆட்டம் அடங்கும் வரை பல மணி நேரம் நிற்க வேண்டும். துறைமுக அலுவலகம் இதைப் படகோட்டிகளுக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் வானொலியில் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது.